வீடு கிடைத்துவிட்டது, ராத்திரி விழித்திருக்க ஆள்?

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. ஓர் ஆண்டாக மனநல நெருக்கடி வந்து வந்து போகிறது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால், ‘அட்மிட் செய்யும் அளவுக்கு இல்லை’ என்று அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் நானும் கணவரும் மாறி மாறிக் கண்விழிக்கிறோம். பக்கத்துத் தெருவில் இருக்கும் என் தம்பி உதவுகிறேன் என்கிறான். எப்படி என்றுதான் தெரியவில்லை. இதே நிலையில் உள்ள ஆறு குடும்பங்கள் சேர்ந்து, பிள்ளைகள் நாலைந்து நாள் தங்கி மூச்சுவிட ஒரு சின்ன இல்லம் தொடங்க நினைக்கிறோம். ஒருவர் தன் வீட்டையே தருகிறார். நடத்தும் பணத்துக்கு எங்கே போவது?
– பெயர் வெளியிட விரும்பாத தாய்

பதில்: சகோதரி, நீங்கள் சந்தோஷமாக எழுதிய வரிதான் என்னைப் பயமுறுத்தியது. வீடு கொடுக்க ஆள் வருவார்கள். வாசலில் பெயர்ப் பலகை மாட்டலாம், திறப்பு விழாவில் போட்டோ எடுக்கலாம். அதிகாலை 3 மணிக்கு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் பக்கத்தில் விழித்திருப்பவருக்குச் சம்பளம் கொடுக்கத்தான் யாரும் வரமாட்டார்கள். இப்படிப்பட்ட இல்லத்தின் பெரிய செலவே அதுதான்.

வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவருக்கு 40 மணி நேர வேலை என்றால், ஒரு நாற்காலி காலியாகாமல் இருக்கவே நாலு பேருக்கு மேல் வேண்டும். விடுப்பு, காய்ச்சல், பயிற்சி எல்லாம் சேர்த்தால் ஐந்து. ஒரே ஆளை வைத்து இரவை ஓட்டவும் கூடாது. ஒரு பிள்ளையோடு அவர் ஆஸ்பத்திரிக்கு ஓடினால் மற்றவர்களுக்கு யார்? எப்போதும் இரண்டு பேர் என்றால் பத்துச் சம்பளம். அறை ஒன்றோ மூன்றோ, இந்தப் பத்து குறையாது. தன்னார்வலர்களை முறைவைத்து விட்டுச் சமாளிக்கலாம் என்று குழுவில் ஒருவர் நிச்சயம் சொல்வார். பகலில் அவர்கள் வரட்டும், பெரிய உதவி. ராத்திரிப் பொறுப்பை அவர்கள் தலையில் கட்டாதீர்கள்.

பணம் எந்த முறையில் வருகிறது என்பதையும் பாருங்கள். ‘தங்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நெருக்கடி காலண்டர் பார்த்து வருவதில்லை. இரண்டு வாரம் அறைகள் காலியாக இருந்தால் சம்பளம் தடைபடும். தேர்ந்த ஊழியர் வேறு வேலை தேடிக்கொள்வார். அந்தப் பயத்திலேயே அவசரமில்லாதவர்களைச் சேர்த்து அறைகளை நிரப்பி வைப்பார்கள். உங்கள் மகனுக்குத் தேவைப்படும் ராத்திரி இடமிருக்காது. அணைத்த தீக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தா தீயணைப்பு நிலையத்துக்கு நிதி தருகிறோம்? காலிக் கட்டிலுக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஒரு மொத்தத் தொகை, குறைந்தது மூன்று ஆண்டு ஒப்பந்தம் என்று கேளுங்கள்.

கேட்க வேண்டிய இடம் உள்ளாட்சியும் சுகாதாரத் துறையும். நன்கொடையைத் தொடக்கச் செலவுக்கும், சில மாதச் சம்பளத்தைக் கையிருப்பாக வைக்கவும் பயன்படுத்துங்கள். அதிகாரிகள் ‘நிதி இல்லை’ என்பார்கள். முழுப் பொய் இல்லை. உலக அளவில் அரசுகள் சுகாதாரச் செலவில் சுமார் 2 சதவீதத்தைத்தான் மனநலத்துக்கு ஒதுக்குகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் அதில் மூன்றில் இரண்டு பங்கு மனநல மருத்துவமனைகளுக்கே போகிறது. அந்தப் போக்கை மாற்றிய ஊர் உண்டு. இத்தாலியின் திரியெஸ்தேயில் 1970களில் பிராங்கோ பஸாலியா என்ற மனநல மருத்துவர் அங்கிருந்த மனநல மருத்துவமனையைப் படிப்படியாகக் காலிசெய்து, சில கட்டில்களோடு இரவு பகலாகத் திறந்திருக்கும் மையங்களை ஊருக்குள் கொண்டுவந்தார். பெரியவர்களுக்கானது என்றாலும், அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள அஃபியா இல்லம் உங்கள் கனவுக்கு இன்னும் நெருக்கம்: மூன்றே அறை, அதிகபட்சம் ஏழு இரவு, பணம் மாநில அரசுடையது, ஊழியர்கள் இதே வேதனையைத் தாங்களும் கடந்தவர்கள்.

இப்போதே ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எந்தத் தேதி, யாரை அழைத்தீர்கள், அவசரப் பிரிவில் எத்தனை மணி நேரம் காத்திருந்தீர்கள், பெற்றோரில் யார் வேலைக்குப் போகவில்லை, பிள்ளைக்கு எத்தனை நாள் பள்ளி போயிற்று. ஆறு குடும்பங்களின் ஆறு மாதக் குறிப்பைப் பெயர்களை எடுத்துவிட்டு மேசையில் வையுங்கள். இல்லம் இல்லாததற்கும் யாரோ செலவு செய்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்பது அப்போது தெரியும்.

வீடு தருபவரிடம் இத்தனை ஆண்டு என்று எழுத்தில் வாங்குங்கள். 18 வயதுக்குக் கீழுள்ளவர்களைப் பெரியவர்களோடு தங்கவைக்காதீர்கள். கூப்பிட்டால் வரும் மருத்துவர் முடிவாகும்வரை திறக்கவே வேண்டாம். உயிருக்கு ஆபத்து என்ற நிலைக்கு இந்த இல்லம் மாற்றல்ல. அப்போது அவசர சிகிச்சைதான்.

ஒன்று கேட்கட்டுமா? இத்தனை எழுதியவர், மகன் என்ன சொல்கிறான் என்று ஒரு வார்த்தை எழுதவில்லையே. வீட்டைவிட்டுத் துரத்துகிறார்கள் என்று அவனுக்குத் தோன்றினால் அங்கே ஒரு ராத்திரிகூடத் தங்கமாட்டான். எப்படிப்பட்ட அறை, யார் கூட இருக்கலாம், போன் கையில் இருக்கலாமா என்பதையெல்லாம் அவனிடமே கேளுங்கள்.

இதெல்லாம் கைகூட ஓர் ஆண்டுக்கு மேல்கூட ஆகலாம். அதுவரை, மகன் சம்மதித்தால், வாரத்தில் ஒரு ராத்திரி தம்பியை வரச்சொல்லுங்கள். எதைக் கவனிக்க வேண்டும், எப்போது உங்களை எழுப்ப வேண்டும், அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, நீங்கள் இருவரும் போய்த் தூங்குங்கள்.