ஒரே வீட்டுச் சாப்பாடு, நான் மட்டும் ஏன் பருக்கிறேன்? பரம்பரையா, வாயா?

தங்கையும் நீங்களும் ஒரே சட்டியில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அவள் ஒல்லி, நீங்கள் பருமன். மரபணுதான் காரணம் என்பது வெறும் சாக்கா, பரிசோதனை செய்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சாக்கு இல்லை. ஆனால் பரம்பரையாக வருவது கொழுப்பு மட்டுமல்ல, பெரும்பாலும் பசி.

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டில் அம்மா, சின்னம்மா, நான் எல்லாருமே நல்ல மொத்தம். மாமியின் மகன், என் மச்சான், ஆறு வயதில் பள்ளிக்கூடத்துக்காக மூதூரிலிருந்து வந்து எங்களோடேயே வளர்ந்தவன். காலையில் அதே புட்டும் சொதியும், இரவில் அதே பாண். ஆள் தும்புத்தடி மாதிரி. "இவனுக்குச் சோறு போடுறேல்ல எண்டு சனம் கதைக்கப் போகுது" என்று அம்மா அவனைப் பார்த்துக் கவலைப்படுவா. என்னைப் பார்த்தால் "வாயைக் கட்டு" என்பா.

இதே விஷயத்தை டென்மார்க்கில் பெரிய அளவில் பார்த்தார்கள். ஸ்டங்கார்ட் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு, தத்துப்பிள்ளைகளாக வளர்ந்த 540 பேரை ஆராய்ந்து 1986இல் முடிவை வெளியிட்டது. அவர்களுடைய உடல்வாகு பெற்றவர்களை ஒத்திருந்தது. சோறு போட்டு வளர்த்தவர்களோடு தொடர்பே தெரியவில்லை. பிறகு 1990இல் கனடாவில் பூஷார் என்பவர் 12 சோடி ஒத்த இரட்டையருக்கு நாளுக்கு 1000 கலோரி கூடுதலாக, 84 நாள் ஊட்டினார். ஒரு பெரிய கொத்துரொட்டிப் பார்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு 4.3 கிலோதான் ஏறியது, இன்னொருவருக்கு 13.3 கிலோ! ஆனால் ஒரு சோடிக்குள் இருவருக்கும் இடையே வித்தியாசம் அதைவிடக் குறைவு. அதே சாப்பாடு எவ்வளவு ஏறுகிறது என்பதிலும் பரம்பரைக்குப் பங்கு உண்டு.

சரி, பசி எங்கே வருகிறது? 1994இல் நியூயோர்க்கில் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் ஆய்வகம் எலியில் ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தது. மனிதரிடமும் அது உண்டு. அதிலிருந்து வரும் ஹார்மோனுக்கு லெப்டின் என்று பெயர். கொழுப்புக் கலங்கள் அதைச் சுரக்கின்றன. இரத்தத்தில் போய், "இருப்புப் போதும்" என்று மூளைக்குச் சொல்கிறது. அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று 1997இல் கேம்பிரிட்ஜில் தெரிந்தது. பாகிஸ்தானியப் பூர்வீகக் குடும்பமொன்றில் ஒன்றுவிட்ட சகோதரங்களான இரண்டு பிள்ளைகள்: எட்டு வயதுச் சிறுமி 86 கிலோ, இரண்டு வயதுப் பையன் 29 கிலோ. இருவரின் பெற்றோரும் நெருங்கிய சொந்தத்தில் மணந்தவர்கள். லெப்டின் மரபணுவின் பழுதான பிரதி தாய், தகப்பன் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்துவிட்டது. (மச்சாளைக் கட்டும் எங்களுக்கும் யோசிக்க வேண்டிய விஷயம்.) அந்தச் சிறுமிக்கு லெப்டின் ஊசி போட்டார்கள். ஒரு வருடத்தில் 16 கிலோ குறைந்தது. யாரும் அவளை வாயைக் கட்டச் சொல்லவில்லை, பசி தானாக அடங்கியது.

உடனே லெப்டின் ஊசி எங்கே கிடைக்கும் என்று தேடாதீர்கள். எங்களைப் போன்ற சாதாரணப் பருமனான ஆட்களுக்கு லெப்டின் ஏற்கெனவே கூடத்தான் இருக்கிறது. மூளைதான் காது கொடுப்பதில்லை. அதோடு, பட்டினி கிடந்து மெலிந்தால் லெப்டின் விழும், பசி இன்னும் கூடும். போன நிறை திரும்பி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாதாரணப் பருமனுக்கு ஒரு மரபணு காரணமில்லை. நூற்றுக்கணக்கானவை ஆளுக்குக் கொஞ்சம் தள்ளுகின்றன. மிகவும் பெயர்பெற்றது 2007இல் தெரியவந்த எஃப்டிஓ என்ற மரபணு. அதன் ஆபத்தான வடிவத்தை இரண்டு பிரதியாக வைத்திருப்பவர் சராசரியாக 3 கிலோ கூடுதல், அவ்வளவுதான். உடலுழைப்பு உள்ளவர்களிடம் அதன் பாதிப்புக் கால்வாசி அளவு குறைகிறது. நான் விடியற்காலையில் டச்சுக் குடாவிலிருந்து கோணேசர் கோயில் வரை ஏறி இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். நான்கு கிலோ குறைந்தது. பசி குறையவில்லை.

இனித் தங்கையின் கதை. ஒல்லி என்பதால் அவளுக்கு ஆபத்து இல்லை என்று நினைக்காதீர்கள். என் தும்புத்தடி மச்சானுக்கு 38 வயதில் சீனி வருத்தம் (நீரிழிவு) வந்தது. எனக்கு இன்னும் வரவில்லை. தெற்காசிய உடம்பு இப்படித்தான் ஏமாற்றும். புனே மருத்துவர் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் யட்கினும் சேர்ந்து எடுத்த படம் ஒன்று 2004இல் வெளியானது. இருவருக்கும் உடல் நிறைச் சுட்டெண் (உயரத்துக்கு நிறை எவ்வளவு என்ற கணக்கு) 22.3தான். உடல் கொழுப்போ யட்கினுக்கு 9.1 வீதம், யாக்னிக்குக்கு 21.2 வீதம். வெளியே மெல்லிசு, உள்ளே கொழுப்பு.

பரிசோதனையைப் பற்றி: ஐந்து வயதுக்கு முன்பே அளவுக்கு மீறிப் பருத்து, அடங்காப் பசியோடு இருக்கும் பிள்ளைக்குத்தான் மரபணுப் பரிசோதனை பிரயோசனம். அப்படி யாராவது இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். உங்களுக்கு அந்தக் காசு வீண். இடுப்பளவையும் இரத்தச் சீனியையும் பார்த்தால் போதும். போகும்போது தங்கையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.