48 நாளில் வேரோடு போகுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, தோல் தடித்துச் செதில் செதிலாக உதிரும் சோரியாசிஸ் நோய் பற்றித்தான். அதனால் அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. 11 வருடமாக சோரியாசிஸ். தோல் டாக்டர் கொடுத்த மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிட்டு வந்தார், ஓரளவு அடங்கித்தான் இருந்தது. போன மாதம் சொந்தக்காரர் ஒருவர் சொல்லி வெளியூரில் ஒருவரிடம் போனோம். ஆயுர்வேதம் என்று சொல்லி ஒரு பொடியும், டப்பாவில் ஒரு களிம்பும் கொடுத்தார். இங்கிலீஷ் மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள், 48 நாளில் வேரோடு போய்விடும் என்றார். 10 நாளில் செதில் எல்லாம் உதிர்ந்து தோல் பளபளவென்று ஆகிவிட்டது. தொடரலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: பத்தே நாளில் பளபளவென்று ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும்தான் எனக்குப் பயம் வந்தது அம்மா. நான் ஆயுர்வேத மருத்துவன். எங்கள் கஷாயமும் கசப்பு நெய்யும் 11 வருட சோரியாசிஸை இவ்வளவு வேகத்தில் அடக்கி நான் பார்த்ததில்லை. அரிப்பு குறையவே சில வாரம் ஆகும், செதில் மெலிய மாதங்கள் ஆகும். பெயரும் இல்லாமல், உள்ளே என்ன இருக்கிறது என்ற சீட்டும் ஒட்டாமல் கொடுத்த பொடி இப்படி வேலை செய்தால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அவருக்குப் பசி திடீரென்று கூடியிருக்கிறதா, முகம் உப்பியிருக்கிறதா, சர்க்கரை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்டீராய்டை உள்ளுக்குச் சாப்பிட்டுவிட்டு நிறுத்தினால் சோரியாசிஸ் பழையபடி வந்தால்கூடப் பரவாயில்லை, அதைவிட மோசமாகத் திரும்பி வரலாம். சிலருக்கு உடம்பு முழுவதும் சிவந்து, தோல் உரிந்து, குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதனால் நீங்களாக எதையும் முடிவு செய்யாமல், பொடியையும் டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு இந்த வாரமே பழைய தோல் டாக்டரிடம் போங்கள். திட்டுவாரே என்று தயங்க வேண்டாம், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மெத்தோட்ரெக்ஸேட்டை மறுபடி எப்போது, எந்த அளவில் ஆரம்பிப்பது என்பதையும் அவர்தான் ரத்தப் பரிசோதனை பார்த்துச் சொல்ல வேண்டும். அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே சாப்பிடும் மாத்திரை, விட்டுப்போனதை ஈடுகட்டுகிறேன் என்று தினமும் போட்டுவிட்டால் விஷமாகிவிடும். குடிப்பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள், கல்லீரல் விஷயம் இது.

சரி, ஆயுர்வேதத்தில் இதற்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் 48 நாள் கணக்கு எங்கள் நூல்களில் இல்லை. அஷ்டாங்க ஹ்ருதயம் என்ற எங்கள் பழைய நூல் இந்த வகைத் தோல் நோய்க்கு என்ன சொல்கிறது தெரியுமா? 15 நாளுக்கு ஒரு முறை வாந்தி, மாதத்துக்கு ஒரு முறை பேதி, 6 மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுத்தல். இன்று யாருக்கும் அதை அப்படியே செய்ய மாட்டோம். ஆனாலும் அந்த நூலை எழுதியவருக்கு இது திரும்பத் திரும்ப வரும் நோய், விடாமல் கவனிக்க வேண்டிய நோய் என்று நன்றாகத் தெரிந்திருந்தது. தோலின் மேல் அடுக்கு சாதாரணமாக ஒரு மாத வாக்கில் புதுப்பித்துக்கொள்ளும். சோரியாசிஸில் நோய் எதிர்ப்பு மண்டலம் தப்பாகத் தூண்டப்படுவதால் அந்த வேலை நாலைந்து நாளிலேயே முடிந்து, செல்கள் முற்றாமலே மேலே வந்து செதிலாகக் குவிகின்றன. இந்தப் போக்கை அடக்கி வைக்கலாம், பல மாதம், சிலருக்குச் சில வருடம்கூட அடங்கியே இருக்கும். வேரோடு பிடுங்கித் தருகிறேன் என்று எந்த மருத்துவத்தைச் சேர்ந்தவர் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும்தான்.

நாங்கள் வழக்கமாகச் செய்வது இதுதான். முதலில் படோலகடுரோஹிண்யாதி போன்ற கஷாயம். ஜீரணம் சரியான பிறகு, மஹாதிக்தக கிருதம் என்ற கசப்பு நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி 3 முதல் 7 நாள் வரை குடிக்கக் கொடுப்போம். அப்புறம் எண்ணெய் தேய்த்து வியர்வை வரவழைத்து, ஒரு நாள் பேதி. மனஉளைச்சலால் நோய் ஏறுகிறவர்களுக்கு, நெல்லிக்காயும் கோரைக்கிழங்கும் சேர்த்த மோரை நெற்றியில் தாரையாக விடும் தக்ர தாரை நல்ல தூக்கம் தரும். இதையெல்லாம் மருத்துவமனையில் தங்கித்தான் செய்ய வேண்டும். நாகர்கோவில் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, முதலில் அங்கே காட்டலாம். கல்லீரல், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்க்காமல் யாராவது நெய்யைக் குடிக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தோல் டாக்டருக்கும் ஆயுர்வேத மருத்துவருக்கும், மற்றவர் என்ன கொடுக்கிறார் என்பது தெரிந்தே இருக்க வேண்டும்.

கேள்வி: ஆயுர்வேத டாக்டர் என் மகளின் சீட்டில் 'ஏககுஷ்டம்' என்று எழுதியிருக்கிறார். என் மாமியார் அதைப் பார்த்ததிலிருந்து குழந்தைக்குத் தனித்தட்டு, தனிப்பாய் என்று வைத்துவிட்டார். மனசு தாங்கவில்லை.
– வாசகி, கரூர்

பதில்: அந்தத் தட்டை இன்றே எடுத்துவிடுங்கள். ஆயுர்வேதத்தில் குஷ்டம் என்பது தோல் நோய்களுக்கான பொதுப்பெயர். பழைய ஆயுர்வேத ஆசிரியரான சரகர் 18 வகை சொல்கிறார், 7 பெரியவை, 11 சிறியவை. அந்த 11-இல் ஒன்றுதான் ஏககுஷ்டம். வியர்க்காது, பரந்து இருக்கும், மீன் செதில் போல இருக்கும் என்பது அவர் சொல்லும் அடையாளம். நாம் தொழுநோய் என்று சொல்வது வேறு. சோரியாசிஸ் தொட்டாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும், கட்டிப் பிடித்துத் தூங்கினாலும் ஒட்டாது. மாமியாரை அடுத்த முறை டாக்டரிடம் கூட்டிப்போய் அவர் வாயாலேயே கேட்க வையுங்கள். எங்கள் ஆட்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அந்தச் சொல்லைச் சீட்டில் எழுதினால் அர்த்தத்தையும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள். ஒரு குழந்தை தனிப்பாயில் படுக்கிறது.

கேள்வி: வெட்பாலைத் தைலம் வீட்டிலேயே செய்யலாமா? கார்போகரிசி விதையும் சேர்க்கச் சொல்கிறார்களே?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: வெட்பாலை சித்த வைத்தியத்தில்தான் பெயர் பெற்றது, கேரள ஆயுர்வேதத்திலும் உண்டு. பச்சை இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டுச் சில நாள் வெயிலில் வைத்தால் எண்ணெய் கருநீலமாக, ஊதாவாக மாறும். செதிலை மிருதுவாக்க நல்லது. துணியில் கறை படியும், பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள். இலையைத் தெரிந்தவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள், குடசப்பாலையும் பார்க்க அதே மாதிரி இருக்கும். முதலில் கையில் ஓர் இடத்தில் மட்டும் தடவிப் பாருங்கள். வெடித்து நீர் வடியும் இடத்தில் வேண்டாம். செதிலைச் சுரண்டவும் கூடாது, காயம் பட்ட இடத்தில் புதிதாகக் கிளம்பும்.

கார்போகரிசியை வீட்டில் தொடாதீர்கள். அதில் இருக்கும் சோராலென் தோலை வெயிலுக்குக் கூச வைக்கும், தடவிவிட்டு வெளியே போனால் கொப்புளம் வரும். ஆஸ்பத்திரியில் சோராலென் வகை மருந்து கொடுத்து, அளந்த புற ஊதாக் கதிரில் நிற்க வைக்கிற சிகிச்சை இருக்கிறது. அங்கே விநாடி கணக்கு உண்டு. உங்கள் மொட்டைமாடியில் அது கிடையாது.

கேள்வி: காலையில் விரல்களை மடக்க முடியவில்லை. சோரியாசிஸுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
– வாசகர், ஈரோடு

பதில்: உண்டு, தள்ளிப்போடக் கூடாது. சோரியாசிஸ் மூட்டையும் பிடிக்கும். காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நின்றாலோ, ஒரு விரல் முழுவதும் வீங்கினாலோ, நகத்தில் குழி விழுந்திருந்தாலோ உடனே மூட்டு வாத நிபுணரிடம் போங்கள். மூட்டு ஒருமுறை அரித்துப்போனால் எந்தத் தைலமும் அதைத் திருப்பித் தராது. எண்ணெய் தேய்ப்பதை அந்தப் பரிசோதனை முடிந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.