டிராவுலயே முடியுற தபால் செஸ் ஆட்டத்துக்கு எதுக்கு வருஷக்கணக்கா உழைக்கணும்?

நீங்க ஆன்லைன்ல மூணு நிமிஷ பிளிட்ஸ் ஆடறவரா இருப்பீங்கன்னு நினைக்கிறேன், அதான் டிரான்னா வீணாப்போன ஆட்டம்னு தோணுது. நான் ரொம்ப பெருமைப்படுற ஆட்டமே ஒரு டிராதான்.

1992 ஆரம்பத்துல, ஐசிசிஎஃப் (சர்வதேச தபால் செஸ் கூட்டமைப்பு) போட்டி ஒண்ணுல பிராக்ல இருந்த ஒருத்தர் வெள்ளை, நான் கறுப்பு. ஓப்பனிங், அதாவது ஆட்டத்தோட ஆரம்ப மூவ் வரிசை, ரூய் லோபஸ். வேற வேற பாஷைக்காரங்க ஆடறதால, மூவை எழுதி அனுப்புற தபால் கார்டுல கட்டத்துக்கெல்லாம் நம்பர்தான், இ2-இ4ன்னா 5254 (இ அஞ்சாவது எழுத்து, அதனால 5). எட்டாவது மூவ்ல அவர் சிப்பாயை சி3ல வச்சதும் நான் 4745ன்னு எழுதினேன், அதாவது டி5, மார்ஷல் அட்டாக்குங்கற ஓப்பனிங். எழுதிட்டு நாலு தடவை சரிபார்த்தேன், ஏன்னா ஒரு நம்பர் மாறி அது ஆடக்கூடிய மூவா இருந்துட்டா அதையேதான் ஆடியாகணும், திரும்ப வாங்க முடியாது.

1918ல நியூயார்க்ல அமெரிக்க ஆட்டக்காரர் மார்ஷல் இதை கியூபாக்காரர் காபாபிளாங்காகிட்ட ஆடி தோத்துட்டாரு, ஆனா ஓப்பனிங் சாகல, பின்னாடி பதினோராவது மூவ்ல கறுப்புக்கு சி6ன்னு வந்ததும் அதுக்கு புது உயிர். இ5 சிப்பாயை சும்மா குடுத்துடறோம், பதிலுக்கு வெள்ளையோட ராணிப்பக்கம் காய் எதுவும் வெளிய வராம கிடக்க, நம்ம ராணியும் ரெண்டு பிஷப்பும் ராஜா மேல பாயுது. அவர் தற்காத்துக்கிட்டாரு. ராணிகள் போச்சு, எனக்கு ஒரு சிப்பாய் கம்மி, கையில ரெண்டு பிஷப் மட்டும். அந்த ரெண்டை வச்சுக்கிட்டே அவரோட அந்த அதிகப்படி சிப்பாயை நகரவிடாம ரெண்டு வருஷம் பிடிச்சேன். தினம் ராத்திரி சாப்பிட்டதும் மேக்னட் போர்டை எடுத்துட்டு உக்காந்துடுவேன். ஆட்டம் ஆரம்பிச்சப்ப வந்த ஸ்டாம்புல செக்கோஸ்லோவாகியான்னு இருந்துச்சு, 1993ல நாடே ரெண்டாயிடுச்சு, ஸ்டாம்பும் மாறிடுச்சு, ஆட்டம் மட்டும் ஓடிட்டே இருந்துச்சு.

இப்ப ஐசிசிஎஃப்லயே எஞ்சின் (செஸ் ஆடுற கம்ப்யூட்டர் புரோகிராம்) பாத்து ஆடலாம், அதனால டிரா குவியுதுங்கறது உண்மைதான். அப்படி ஆடறவங்களை நான் குறை சொல்லல, அதுலயும் உழைப்பு இருக்கு, யாரும் சண்டைக்கு வராதீங்க.

ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும். எங்க ஆபீஸ்ல கேரம் ஆடப் போனவருக்கு ஸ்பெஷல் லீவு குடுத்தாங்க, நான் கேட்டப்ப "வீட்டுல உக்காந்து கடுதாசி போடறதெல்லாம் விளையாட்டா?"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. முப்பது வருஷமாச்சு, இன்னும் ஆறல.

1996ல வந்த கடைசி கார்டுல 38வது மூவ் பக்கத்துல சின்னதா ஒரு = போட்டிருந்தாரு. அவருக்கு ஒரு சிப்பாய் ஜாஸ்தி, இருந்தும் டிரா கேட்டாரு. அன்னைக்கே ஒத்துக்கிட்டு பதில் போட்டேன்.