முதல் சொத்து

அன்புள்ள அக்கா,

எனக்கு 46 வயது. கல்லூரியில் படிக்கும் மகள் இருக்கிறாள். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் நின்றுகொண்டே க்ரீம் பிஸ்கட் தின்பேன். இரண்டு தட்டையும் திருகிப் பிரித்து, க்ரீமைக் கீழ்ப்பல்லால் சுரண்டித் தின்றுவிட்டு, வெறும் பிஸ்கட்டைக் கடைசியில் கடிப்பேன். ஆறு வயதில் எப்படித் தின்றேனோ அப்படியேதான் இன்றும். போன வாரம் தண்ணீர் குடிக்க எழுந்து வந்த மகள் பார்த்துவிட்டாள். "என்னப்பா, சின்னப் பிள்ளை மாதிரி" என்று சிரித்தாள். பிரியமாகத்தான் சொன்னாள். ஆனாலும் எனக்குக் கூசிப்போய்விட்டது. பாக்கெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

இதைவிட நல்ல இனிப்புகளை வாங்கித் தின்ன எனக்கு வசதி இருக்கிறது. தின்றும் இருக்கிறேன். மனம் இதையேதான் கேட்கிறது. இத்தனைக்கும் அந்தப் பழைய ருசி இப்போது இதில் இல்லை. இல்லையென்று தெரிந்தும் ஏன் தேடிப் போகிறேன்? மனம் வளரவில்லை என்பதற்கு இது அடையாளமா?

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் 'திருகிப் பிரித்து' என்ற இடத்தில் சற்று நின்றுவிட்டேன். க்ரீம் பிஸ்கட்டை இழுத்துப் பிரித்தால் ஓரம் நொறுங்கும். இரண்டு கையாலும் பிடித்து மெல்லத் திருகினால் ஒரு தட்டு கழன்று வரும், க்ரீம் மறு தட்டில் தங்கிவிடும். இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடிக்கிறார்கள். 2022-ல் அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓரியோ பிஸ்கட்டை ஒரு கருவியில் ஒட்டவைத்து, அளந்து அளந்து திருகிப் பார்த்தார்கள். க்ரீமை இரண்டு தட்டிலும் சமமாகப் பிரிக்க முடியுமா என்பது கேள்வி. அநேகமாக ஒவ்வொரு முறையும் க்ரீம் ஒரே பக்கம்தான் போனது. அந்த ஆய்வை நடத்தியவரைச் சிறுவயதிலேயே உறுத்திய கேள்வியாம் அது. எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது. உங்கள்மேலும் அதே மரியாதைதான்.

ஒரு குழந்தையின் நாளை யோசித்துப் பாருங்கள். எப்போது எழுவது, எதை உடுத்துவது, எவ்வளவு சாப்பிடுவது எல்லாமே பெரியவர்கள் முடிவு. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் பிள்ளைக்கு உள்ள ஒரே அதிகாரம் 'வேண்டாம்' என்பது. அதற்கும் திட்டு விழும். தின்பண்டம் மட்டும் கைக்கு வந்த கணமே பிள்ளையுடையதாகிவிடும். இப்போதே தின்பதா, ஒளித்துவைப்பதா, ஓரத்திலிருந்து கொறிப்பதா, நடுவிலிருந்து நக்குவதா, தங்கைக்குக் காக்காக் கடி கடித்துக் கொடுப்பதா, கொடுக்காமல் ஓடுவதா, எதையும் யாரும் கேட்கப்போவதில்லை. ஒரு மனிதர் தன் வாழ்க்கையில் முதன்முதலாக ஆண்ட சொத்து அது. அம்மா சமையலைப் பற்றிக் கேட்டால் 'அப்படி ஒரு ருசி' என்று சொல்லி நிறுத்திக்கொள்பவர்கள்கூட, சின்ன வயதுத் தின்பண்டத்தைப் பற்றிக் கேட்டால் எப்படித் தின்றோம் என்று விரலால் செய்து காட்டுவார்கள். நான் பலரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். கை சும்மா இருப்பதே இல்லை.

உடம்பும் இதற்குத் துணை நிற்கிறது. ஒரு துண்டு பிஸ்கட்டை வாயில் போட்டு மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெல்லுங்கள். இனிப்பு மட்டும் தெரியும். விரலை எடுத்ததும் வெனிலா வந்து நிறையும். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு வாசனைதான், வாய்க்குள்ளிருந்து பின்வழியாக மூக்குக்கு ஏறும் வாசனை. பார்த்ததும் கேட்டதும் மூளையில் தலாமஸ் என்ற இடத்தின் வழியாகத்தான் மேலே போகின்றன. வாசனை அங்கே நிற்பதில்லை. உணர்ச்சியையும் நினைவையும் கவனித்துக்கொள்ளும் பகுதிகளுக்கு அது குறுக்கு வழியில் போய்விடுகிறது. 2006-ல் ஸ்வீடனில் 65 முதல் 80 வயது வரை உள்ளவர்களிடம் சொல், படம், வாசனை மூன்றையும் தனித்தனியாகக் கொடுத்து, என்ன நினைவு வருகிறது என்று கேட்டார்கள். சொல்லும் படமும் பெரும்பாலும் 11 முதல் 20 வயது வரையிலான நாட்களைக் கொண்டுவந்தன. வாசனை பத்து வயதுக்கும் முன்னால் போய் நின்றது. நீங்கள் நடுராத்திரியில் ஆறு வயதுக்குப் போய்வருவதில் வியப்பே இல்லை.

பழைய ருசி இல்லை என்கிறீர்கள். இருக்காதுதான். நாம் க்ரீம் என்று சொல்வது பெரும்பாலும் பொடித்த சர்க்கரையும் கொழுப்பும் கொஞ்சம் வாசனைப் பொருளும். முன்பெல்லாம் அந்தக் கொழுப்புக்குப் பல நாடுகளில் ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெயைச் சேர்ப்பார்கள். அதிலிருக்கும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு என்பதால், அதை உணவிலிருந்து அறவே நீக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் கேட்டுக்கொண்டது. அதற்கு முன்னும் பின்னுமாகப் பல நாடுகள் தடை போட்டன. நல்ல காரியம். ஆனால் கொழுப்பு மாறினால் அது நாக்கில் கரையும் விதமும் மாறும். உங்கள் நாக்கும் பழைய நாக்கு இல்லை. குழந்தைகளுக்குப் பெரியவர்களைவிடக் கூடுதலான இனிப்பு பிடிக்கும். பதின்ம வயதில் அந்த வேட்கை தணியத் தொடங்கிவிடும். அன்று உள்ளங்கையை நிறைத்த பிஸ்கட் இன்று இரண்டு விரலுக்குள் அடங்குகிறது. பண்டம் மாறிவிட்டது, நாக்கு மாறிவிட்டது, கையின் அளவும் மாறிவிட்டது. திருகுவது மட்டும் மாறவில்லை. நீங்கள் தேடிப் போவது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

மனம் வளரவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். 1688-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் ஜோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் 'நாஸ்டால்ஜியா' என்ற சொல்லை உருவாக்கியபோது அது ஒரு நோயின் பெயர். ஊரை விட்டு வந்தவர்களின் ஏக்கத்துக்கு அவர் வைத்த பெயர். இன்று பழைய நாட்களை நினைத்து ஏங்குவதைத்தான் அப்படிச் சொல்கிறோம், அதை யாரும் நோயாகப் பார்ப்பதில்லை. உங்கள் ஆசையையும் நான் அப்படிப் பார்க்க மாட்டேன். ஒன்று மட்டும் நேராகக் கேட்டுவிடுகிறேன்: இரண்டு பிஸ்கட்டா, முழுப் பாக்கெட்டா? மனம் நொந்த இரவுகளில் பாக்கெட் பாக்கெட்டாகத் தீர்கிறதென்றால் அது வேறு விஷயம். அதை ஒரு மருத்துவரிடம் பேசுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

எனக்கு வருத்தம் தந்தது நீங்கள் மறைத்ததுதான். உங்கள் மகள் தன் பிஸ்கட்டை எப்படித் தின்பாள் என்று உங்களுக்குத் தெரியுமா? அடுத்த முறை அவள் தண்ணீர் குடிக்க வரும்போது பாக்கெட்டை அவள் பக்கம் நகர்த்திவிட்டுப் பாருங்கள். நிச்சயம் அவளுக்கென்று ஒரு முறை இருக்கும்.

என் அக்காவும் நானும் சின்ன வயதில் ஒரு பாக்கெட்டை எண்ணிப் பங்கு போட்டுக்கொள்வோம். எல்லாவற்றிலும் க்ரீமை முதலில் தின்று முடித்துவிட்டு என் பங்கையே பார்த்துக்கொண்டிருப்பாள் அவள். நான் வெறும் தட்டுகளை முதலில் தின்றுவிட்டு, க்ரீம் உள்ள தட்டுகளை இரண்டிரண்டாக ஒட்டி அடுக்கிவைப்பேன். அடுக்கு சரியாமல் இருக்கக் கையால் அணைபோட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதற்காக எத்தனையோ சண்டை. தன் க்ரீமில் ஒரு துளிகூட அவள் எனக்குத் தந்ததில்லை. நானும் தந்ததில்லை.

போன மாதம் வந்திருந்தாள். அவளுக்குச் சர்க்கரை நோய் வந்து பல வருடங்களாகிறது. தேநீரோடு பிஸ்கட்டும் வைத்தேன். ஒன்றே ஒன்று எடுத்தாள். பேரனைப் பற்றிய பேச்சை நிறுத்தாமலே திருகினாள். க்ரீம் ஒட்டிய தட்டை என் பக்கம் நீட்டிவிட்டு, வெறும் தட்டைத் தேநீரில் தோய்த்தாள்.