கியூஎமு புதுப்பித்த பின் பழைய ஸ்னாப்ஷாட் திறக்கவில்லை: பதில்

கணினிக்குள் இன்னொரு கணினியைப் போலியாக இயக்கும் கியூஎமுவில், விண்டோஸ் 98 இன் பழைய ஸ்னாப்ஷாட் (ஓடிக்கொண்டிருந்த நிலையை அப்படியே சேமித்தது) இப்போது திறக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். பழைய மெஷின் வகையின், அதாவது கியூஎமு போலியாகக் காட்டும் கணினி மாதிரியின், முழுப் பெயரைக் கொடுத்துத் தொடங்குங்கள், அநேகமாகத் திறந்துவிடும். உபுண்டு 22.04 இலிருந்து 24.04 க்கு மாறியதும் உங்கள் கியூஎமு 6.2 இலிருந்து 8.2 ஆகிவிட்டது. கொட்டாஞ்சேனை அச்சகத்தின் விண்டோஸ் 98 பழுதானதாகத் தெரியவில்லை.

கியூஎமுவைத் தொடங்கும் உங்கள் ஸ்கிரிப்டில் மெஷின் வகையாக ‘பிசி’ என்று மட்டும்தானே இருக்கிறது? அந்தச் சுருக்கப் பெயர் ஒவ்வொரு பதிப்பிலும் அப்போதைய புதிய வகையையே குறிக்கும். ஸ்னாப்ஷாட்டில் நினைவகத்தோடு போலிச் சாதனங்களின் நிலையும் சேமிக்கப்பட்டிருக்கிறது. வகை மாறினால் இரண்டும் பொருந்தாது.

1. மெஷின் தெரிவுக்கு ‘ஹெல்ப்’ என்று கொடுங்கள், பட்டியல் வரும். 440எஃப்எக்ஸ் வரிகளில் ‘6.2’ என்று முடியும் பெயரைப் பாருங்கள். 22.04 இல் ‘பிசி’ குறித்தது அதைத்தான்.

2. அதை ஸ்கிரிப்டில் போடுங்கள். ரேம் அளவு, சவுண்ட் கார்டு எல்லாம் முன்பு இருந்தபடியே இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னர் வட்டுக் கோப்பைப் பிரதி எடுத்து, பிரதியில் மட்டும் முயலுங்கள். மூலக் கோப்பைச் சும்மா ‘பூட்’ செய்தும் பார்க்க வேண்டாம்.

திறந்ததும் பாமினி எழுத்துருக் கோப்புகளை வெளியே எடுத்து, விண்டோஸை முறையாக மூடிவிடுங்கள். ஸ்னாப்ஷாட்டைக் காப்புப் பிரதியாக நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. எண்ணிட்ட மெஷின் வகைகளை ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு நீக்குவதுதான் கியூஎமுவின் இப்போதைய கொள்கை. அப்புறம் இந்த வழியும் இருக்காது.