வழக்கு யார் பேரில் இருக்கிறது?

கேள்வி: ஹூஸ்டனில் வசிக்கிறோம். நெடுஞ்சாலையில் டிரக் மோதி என் கணவரின் இடுப்பெலும்பு நொறுங்கியது. தவறு அவர்மேல் 55 சதவீதம், டிரைவர்மேல் 45 என்று ஜூரி சொன்னதால் ஒரு டாலர்கூட இல்லை. டிரைவர் ஓய்வில்லாமல் ஓட்டியதைக் காட்டும் லாக் பதிவை நீதிபதி ஏற்கவில்லை. தீர்ப்பில் அவர் கையெழுத்திட்டு 19 நாள் ஆகிறது. மறுபடி ஆபரேஷன் நடந்ததால் கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. சென்னையில் வக்கீலாக இருக்கும் என் அண்ணன், அப்பீலுக்கு அவசரமில்லை என்கிறார். நியாயம் கிடைக்குமா?
- வாசகி, டெக்சாஸ்

பதில்: ஜூரியையும் நீதிபதியையும் பற்றி விவரமாக எழுதிவிட்டு, ‘கணவரிடம் இன்னும் சொல்லவில்லை’ என்பதைப் போகிறபோக்கில் அரை வரியில் முடித்துவிட்டீர்கள். வழக்கு யார் பேரில் இருக்கிறது? அப்பீல் போடுவதா, விடுவதா, எதிர்த்தரப்போடு பேசி முடிப்பதா, மூன்றையும் முடிவு செய்ய வேண்டியவர் அவர். உடம்புதான் படுத்திருக்கிறது, புத்தி இல்லையே! அவருக்குத் தெரியாமல் அண்ணனும் தங்கையும் போனில் வழக்கு நடத்துவதற்குப் பாசம் என்று பெயர் வைக்காதீர்கள்.

அண்ணன் சொல்வது சென்னைக் கணக்கு. நாள் தவறினால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போட்டுப் பழகியவர். டெக்சாஸில் புது விசாரணை கேட்கும் மனுவை, நீதிபதி கையெழுத்திட்ட 30 நாளுக்குள் போட்டாக வேண்டும். அந்தக் கெடுவை நீதிபதியே நினைத்தாலும் நீட்ட முடியாது. போட்டால் அப்பீல் நோட்டீஸுக்கு 90 நாள் கிடைக்கும். போடாவிட்டால் அதற்கும் 30 நாள்தான், மேற்கொண்டு 15 நாள் காரணம் சொல்லிக் கேட்கலாம். ஆனால் 55 சதவீதம் சாட்சியத்துக்குப் பொருந்தாது என்ற வாதம் அந்த மனுவில் இல்லையென்றால் மேல்கோர்ட் அதைத் தொடவே தொடாது. உங்களிடம் மிச்சம் 11 நாள்.

லாக் விஷயத்தில் வக்கீலிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: நீதிபதி மறுத்த பிறகு, ஜூரி இல்லாத நேரத்தில், ஜூரி பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் வாசிக்கப்படுவதற்கு முன், அந்தப் பதிவில் என்ன இருக்கிறது என்பதைக் கோர்ட் ரெக்கார்டில் ஏற்றினீர்களா? ஏற்றவில்லையென்றால் அப்பீல் நீதிபதிகளுக்கு அப்படி ஒரு காகிதமே கிடையாது. ஏற்றியிருந்தாலும், அது இல்லாததால்தான் தீர்ப்பு தவறாகப் போயிருக்கும் என்று காட்ட வேண்டும். அதற்கு உங்கள் கணக்கு இடம் தருகிறது. தவறு பாதிக்கு மேல் என்பதால்தான் ஒரு டாலரும் இல்லை; 55 என்பது 50 ஆகியிருந்தால், நிர்ணயித்த தொகையில் பாதி வந்திருக்கும்.

அப்பீலில் சாட்சியும் இல்லை, ஜூரியும் இல்லை. ஜெயித்தாலும் பெரும்பாலும் செக் வராது, மறு விசாரணைதான். 2014 டிசம்பரில் ஒடெஸா அருகே ஐ-20 சாலையில், பனியில் வழுக்கி நடுத்திட்டைத் தாண்டி வந்த பிக்கப் வண்டி, வெர்னர் நிறுவன டிரக்கில் மோதியது. ஒரு குழந்தை இறந்தது. 2018இல் ஹூஸ்டன் ஜூரி 8 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. 2025 ஜூனில் டெக்சாஸ் சுப்ரீம் கோர்ட் அத்தனையையும் ரத்து செய்தது. டிரக் வேகமாக வந்திருந்தாலும், விபத்துக்குச் சட்டப்படியான காரணம் பிக்கப் குறுக்கே வந்ததுதான் என்றது. ஜூரியின் மனம் இளகுவது வேறு, அப்பீல் நீதிபதிகள் காரணம் பார்ப்பது வேறு. நடுவில் போனது ஏழு வருஷம்.

நாளைக்கே தீர்ப்பு நகலையும் வக்கீலோடு போட்ட ஃபீஸ் ஒப்பந்தத்தையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். பல ஒப்பந்தங்களில் அப்பீல் சேராது. தனி ஃபீஸ், தனி வக்கீல், விசாரணைக் குறிப்பை எழுதித்தர, கோர்ட்டில் பேசுவதைப் பதிவு செய்யும் ரிப்போர்ட்டருக்குத் தனிப் பணம். அப்பீல் போடாமலிருந்தால் தோற்ற நீங்கள் தர வேண்டிய கோர்ட் செலவை விட்டுவிடுகிறோம் என்று டிரக் கம்பெனி பேரம் பேசக்கூடும். அதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் பதில் சொன்ன அன்றே வக்கீலைக் கூப்பிடுங்கள். அண்ணனுக்கு அப்புறம் போன் செய்துகொள்ளலாம்.