டிக் டிக் கேட்காத கைக்கடிகாரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எட்டு மாதங்களுக்கு முன் கிராண்ட் செய்கோ ‘ஸ்னோஃப்ளேக்’ ஒன்று வாங்கினேன், எஸ்பிஜிஏ211. வெள்ளி மாலை கழற்றி வைத்தால் ஞாயிறு காலை நின்றுபோய்க் கிடக்கிறது. 72 மணிநேரம் ஓடும் என்றுதான் சொல்கிறார்கள். பக்கத்தில் ஒரு கடையில் காட்டினேன். வாட்ச் ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபரில் வைத்துப் பார்த்துவிட்டு, “மெஷின் எதையும் பிடிக்கவில்லை. இது குவார்ட்ஸ், செல் வீக். திறந்து பார்க்கட்டுமா?” என்றார். இவ்வளவு பணம் கொடுத்து செல் போட்ட வாட்சையா வாங்கினேன்? தினமும் ஒரு நொடி கூடுதலாக ஓடுவதுபோலவும் தெரிகிறது. என்ன செய்யலாம்?

க.

அன்புள்ள க.,

திறக்க விடாதீர்கள். நீங்கள் எழுதியதில் பழுது என்று சொல்ல இதுவரை ஒன்றும் இல்லை.

டைம்கிராஃபரில் இருப்பது ஒரு மைக். கையசைவில் தானே சாவி ஏறும் சாதாரண ஆட்டோமேட்டிக்கில், சக்கரங்களைப் பல் பல்லாக விடும் எஸ்கேப்மென்ட் என்ற பாகம் தட்டும் ஓசையைக் கேட்டுத்தான் அது கணக்குச் சொல்லும். உங்கள் வாட்சில் எஸ்கேப்மென்ட்டே கிடையாது. காதில் வைத்துப் பாருங்கள், டிக் டிக் வராது. நொடிமுள்ளும் துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போகும்.

உள்ளே இருப்பது 9ஆர்65 என்ற ஸ்பிரிங் டிரைவ் மூவ்மென்ட், அதாவது வாட்சை ஓட்டும் இயந்திரம். ஓட்டுவது மெயின்ஸ்பிரிங்தான், சாவி கொடுத்தால் சுருளும் வில். அது அவிழும் விசை பற்சக்கரங்கள் வழியே முட்களை நகர்த்திவிட்டு, கடைசியில் கிளைட் வீல் என்ற சிறு சக்கரத்தை நொடிக்கு 8 சுற்று சுற்றுகிறது. அந்தச் சுழற்சியில் காயில் என்ற கம்பிச்சுருளில் துளி மின்சாரம் பிறக்கிறது. சுமார் 25 நானோவாட், ஐசி என்ற மின்னணுச் சில்லும் குவார்ட்ஸ் படிகமும் வேலை செய்ய அது போதும். படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும். ஐசி அதோடு சக்கரத்தின் வேகத்தை ஒப்பிட்டு, மிஞ்சும்போது காந்த பிரேக் போடும். சரிவில் இறங்கும் சைக்கிளைப் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு ஒரே வேகத்தில் வைப்போமே, அதே சங்கதி. ஒரே வித்தியாசம், இங்கே பிரேக் எதையும் உரசுவதில்லை.

ஆகவே குவார்ட்ஸ் உண்டு, செல் இல்லை. செய்கோவின் இன்னொரு வகையான கைனெட்டிக் வாட்சில் மின்சாரத்தைச் சேமிக்கும் செல் இருக்கும். கடைக்காரர் அதோடு குழப்பிக்கொண்டிருக்கலாம். ஸ்பிரிங் டிரைவ் யோசனை அகஹானே யோஷிகாசு என்ற பொறியாளருக்கு 1977இல் தோன்றியது. கடைக்கு வந்தது 1999இல், ஆட்டோமேட்டிக்காக வந்தது 2004இல். ஒரு வாட்சுக்கு இவ்வளவு பொறுமை எனக்குப் புரிவதில்லை, ஆனால் பலனை மறுக்க முடியாது.

இனி நின்றுபோவதைப் பார்ப்போம். 72 மணிநேரம் என்பது முழுச் சாவியிலிருந்து கணக்கு. வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு காலை வரை 36, 38 மணிநேரம். கழற்றும்போது பாதிச் சாவிதான் இருந்திருக்கும். டயலின் இடது கீழ்ப்பகுதியில் விசிறிபோல, மீதிச் சாவியைக் காட்டும் ஒரு பவர் ரிசர்வ் முள் இருக்கிறதே, அழகைக் கெடுக்கிறது என்று பலரும் திட்டுவது, இனி கழற்றும்போதெல்லாம் அதைப் பாருங்கள். மேசை வேலைக்காரர் கையில், சாவி ஏற்றும் ரோட்டர் என்ற எடைத்தகடு அதிகம் சுற்றாது. தினம் 12 மணிநேரம் வீதம் மூன்று முதல் ஐந்து நாள் கட்டினால்தான் ஸ்பிரிங் முழுதாக ஏறும்.

கையால் சாவி கொடுங்கள். பக்கவாட்டில் உள்ள குமிழை, அதாவது கிரவுனை, இடப்பக்கம் திருகி மரை விடுவித்து, வெளியே இழுக்காமல், வலப்பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள். ஐந்து சுற்றுக்குச் சுமார் 10 மணிநேரம் ஏறும். காலியாக இருந்தால் முப்பத்தைந்து சுற்றுக்கு மேல் ஆகும். நிறைந்ததும் ‘டக்’ என்று நிற்காது, ஸ்பிரிங் வழுக்கிக்கொள்ளும். ரிசர்வ் முள் நிறைந்துவிட்டதா என்று பார்த்து நிறுத்துங்கள். மூடும்போதுதான் கவனம். கிரவுனை லேசாக அழுத்தி, முதலில் கால் சுற்று இடப்பக்கம் திருப்பினால் மரை விழுவது விரலுக்குத் தெரியும். அதன் பிறகு வலப்பக்கம் முறுக்குங்கள். எடுத்தவுடன் முறுக்கினால் மரை குறுக்கே ஏறி, நாளடைவில் தேயும். அப்புறம் 10 பார் நீர்த்தடுப்பு பேச்சளவில்தான்.

முழுச் சாவி கொடுத்துக் கீழே வைத்தும் 72 மணிநேரத்துக்கு மிக முன்பே நின்றால் அது பழுது.

நேரத்துக்கு வருவோம். கம்பெனி சொல்லும் அளவு மாதத்துக்குக் கூடக்குறைய 15 நொடி. நீங்கள் சொல்வதுபோல் நிஜமாகவே தினம் ஒரு நொடி கூடினால் மாதம் 30 ஆகிவிடும், அது அளவுக்கு வெளியே. ஆனால் ஒரு நாள் கணக்கை நம்பாதீர்கள், கிரவுனை அழுத்தும் விரலின் தாமதமே அரை நொடி தின்னும். முழுச் சாவி கொடுத்து, நொடிமுள் 12இல் வரும்போது கிரவுனை இரண்டாவது நிலைக்கு இழுத்து நிறுத்தி, சரியான நேரத்தோடு விடுங்கள். 30 நாள் கழித்துப் பாருங்கள். அதுவரை நிற்க விடக்கூடாது. இரவு டேப்லெட் உறை, போன் ஸ்பீக்கர், பையின் காந்தப் பூட்டு இவற்றின் பக்கத்தில் வைக்கவும் கூடாது. காந்தப்புலம் 4,800 ஆம்பியர்/மீட்டருக்கு மேல் போனால் நேரம் பிசகலாம்.

நின்றுபோனபின் தேதி மாற்றும்போது ஒன்று. முட்கள் இரவு 9க்கும் 1க்கும் இடையில் இருக்கையில் கிரவுனை முதல் நிலையில் வைத்துத் தேதியைத் திருப்பாதீர்கள், தேதிச் சக்கரம் பல்லில் மாட்டியிருக்கும் நேரம் அது.

சர்வீஸ் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை போதும், அதுவும் கம்பெனி சர்வீஸில் மட்டும். பக்கத்துக் கடைக்காரர் கைத்திறமை இல்லாதவர் என்று சொல்லவில்லை. காயிலின் கம்பி முடியைவிட மெல்லியது. ஸ்க்ரூடிரைவர் ஒருமுறை வழுக்கினால் அறுந்துவிடும், மாற்றுக் காயில் அவரிடம் இருக்காது. பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்றாலும் மறுத்துவிடுங்கள். அந்தக் கண்ணாடி போன்ற தளங்களும் கூரிய விளிம்புகளும் ஸரட்சு என்ற பாலிஷ் முறையில் வந்தவை. சல்லாஸ் என்ற இயந்திரப் பெயர் ஜப்பானிய நாக்கில் புரண்டு ஸரட்சு ஆயிற்று. துணிச் சக்கரத்தில் ஒருமுறை காட்டினால் விளிம்பு மழுங்கும், திரும்ப வராது. டைட்டானியத்தில் விழும் சின்னக் கீறலோடு வாழ்ந்துவிடலாம்.

30 நாள் கணக்கு அப்புறம் இருக்கட்டும், இன்றைக்கே முழுச் சாவி கொடுத்துக் கழற்றி வையுங்கள். எத்தனை மணிநேரம் ஓடியது என்று எழுதுங்கள்.